பைச் சாமியும் ஒரு தையல் பிழையும்

பங்குச் சாமியார்களுக்கு ஊர் வைக்கும் பட்டப்பெயரில் மரியாதை இருக்கிறதோ இல்லையோ, உண்மை இருக்கும். இவருக்கு முன்பிருந்தவர் ‘நாளைச் சாமி’. எதைக் கேட்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே மாற்றலாகிப் போனார். அவருக்கும் முன்பிருந்தவர் ‘தாலாட்டுச் சாமி’. அவர் பிரசங்கத்தில்தான் அந்தப் பங்கின் ஒரு தலைமுறைக் குழந்தைகள் தூங்கி வளர்ந்தன, பெற்றோரும் கூடவே தூங்கினார்கள். நம்முடையவர் ‘பைச் சாமி’. அவருடைய வெள்ளை அங்கியில் இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இருந்த பைகளால் வந்த பெயர் அது.

பூசைக்கு முன்னால் மக்கள் தங்கள் வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சாமியாரிடம் கொடுப்பார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு ஜெபம், இறந்தவர்களுக்கு ஒரு ஜெபம். எல்லாக் கோயிலிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இவர் இந்தப் பங்குக்கு வந்த புதிதில் ஒரு பெண்மணி சீட்டுக்குப் பதிலாக ஒரு வழக்கையே எழுதிக் கொடுத்துவிட்டாள். தன் நாத்தனார் மகளுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை குடிகாரன் என்று கேள்வி, அது மெய்யானால் சம்பந்தம் தட்டிப்போகவும், பொய்யானால் சீக்கிரம் முடியவும் வேண்டுகிறேன் என்று எழுதியிருந்தாள். வாசிப்பில் நம் சாமியார் ஓடுகிற ரயில். ‘குடிகாரன்’ என்ற சொல் ஒலிபெருக்கி வழியாகப் போய்த் தெருவைச் சுற்றி வந்த பிறகுதான் பிரேக் பிடித்தார். அந்த மாப்பிள்ளை முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். சம்பந்தம் தட்டிப்போயிற்று, ஜெபம் பலித்தது என்று அந்தப் பெண்மணி மட்டும் சந்தோஷப்பட்டாள்.

அன்றோடு சாமியார் சட்டம் போட்டார். சீட்டில் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒரு புள்ளி கூடுதலாக இருந்தாலும் வாசிக்கமாட்டேன் என்றார். சாமியார் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்து வரும்போது ஜனங்கள் வழியில் நின்று சீட்டை நீட்டுவார்கள். அவர் நடையை நிறுத்தாமல் கேட்பது ஒரே கேள்விதான்: “இருக்காரா, போய்ட்டாரா?” இருக்கிறவர் வலது பைக்குள் போவார், போனவர் இடது பைக்குள். பிறகு பூசை உடுப்பு மாட்டிக்கொள்வதற்கு முன், வெறும் அங்கியோடு பீடத்தின் படியில் வந்து நின்று, வலது பையிலிருந்து எடுத்து வாசித்து ஒரு ஜெபம், இடது பையிலிருந்து எடுத்து வாசித்து ஒரு ஜெபம் சொல்வார். சட்டம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் மனிதர்கள் அதற்குள் அடங்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஒருத்தி தன் கணவன் பெயரை நீட்டி, “போய்ட்டாரு சாமி, ஆனா இருக்காரு,” என்றாள். “எங்கம்மா?” என்றார் சாமியார். “அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வரேன்?” என்றாள். அந்த ஆளை அவர் யோசித்து வலது பையில் போட்டார்.

இந்தக் கேள்வி அவருடைய நாக்கில் அப்படி ஒட்டிக்கொண்டது. தொலைபேசியில் யாராவது ஒரு பழைய சாமியாரின் பெயரைச் சொன்னால்கூட, “இருக்காரா, போய்ட்டாரா?” என்றுதான் முதலில் கேட்பார். ஆயர் இல்லத்தில் ஒருமுறை ஆயரைப் பற்றியே அப்படிக் கேட்டுவிட்டு, அவர் வெளியூர் போயிருக்கிறாரா என்றுதான் கேட்டேன் என்று சமாளித்தார்.

நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். நோயாளி வீடு, பள்ளிக்கூடத்துத் தகராறு, புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து, கழிவறைக் குழாய் அடைப்பு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். ஊரே அவரை அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்தது. அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. அப்பாவோடு யாரும் அரட்டையடிப்பதில்லை. அவர் உள்ளே நுழைந்தால் வீட்டில் தொலைக்காட்சி அணையும், சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள், நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். சமையல்காரர் உப்பில்லாத சூப்பை மேசையில் வைத்துவிட்டுப் பயபக்தியோடு பின்வாங்குவார். அவரிடம், சூப்பு வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்லக்கூடச் சாமியாருக்கு மனம் வராது.

சாமியாருக்குப் பேச்சுத்துணை என்று ஒரே ஓர் ஆள்தான். கோயில் வாசலுக்கு எதிரே கடை வைத்திருந்த தையல்காரர். ஊருக்கே அவர் மாஸ்டர். சாயங்காலம் ஆனால் சாமியார் தெருவைக் கடந்துபோய் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். மாஸ்டர் எழுந்து நிற்கமாட்டார். மிஷினை மிதித்துக்கொண்டே, “நேத்து பிரசங்கம் கொஞ்சம் இழுவை சாமி, நடுவுல ஒரு சாண் வெட்டிருக்கலாம்,” என்பார். சாமியாருக்கு அது தேனாக இனிக்கும். இருவரும் காப்பி குடித்துக்கொண்டே சண்டை போடுவார்கள். ஒருநாள் பேச்சுவாக்கில், சின்ன வயதில் குண்டாக இருந்ததால் அம்மா தன்னை ‘உருண்டை’ என்றுதான் கூப்பிடுவாள் என்று சாமியார் சொல்லிவிட்டார். அம்மா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் ஆளில்லை. மாஸ்டர் சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “நல்ல பேருதான்,” என்றார்.

வினை புது அங்கி உருவத்தில் வந்தது. பழசு நைந்துவிட்டது, சாமியார் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாஸ்டர் அளவெடுத்தார். புறப்படும்போது சாமியார் திரும்பி, “பை பெருசா இருக்கட்டும் மாஸ்டர், சீட்டு நிறைய வருது,” என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் வித்து.

மாஸ்டருக்கு அப்போதே உடம்பு சரியில்லை. நெஞ்சுச்சளியும் காய்ச்சலுமாக அங்கியைத் தைத்து முடித்துக் கொடுத்துவிட்டுப் படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் போய்விட்டது, எழுந்து நடமாடுங்கள் என்று டாக்டர் சொல்லியும், காலில் பலமில்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். சாமியார் போய்ப் பார்த்தார், ஜெபம் சொல்லி மந்திரித்தார், திட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் புது அங்கியை முதல் தடவையாக உடுத்திக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். வழியில் மாஸ்டரின் மனைவி சீட்டை நீட்டினாள். “இருக்காரா, போய்ட்டாரா?” என்றார் பழக்கதோஷத்தில். “இருக்காரு சாமி, படுத்தபடி,” என்றாள். வலது பக்கம் போட்டார். பின்னாலேயே இன்னும் பத்துக் கைகள் நீண்டன. இருக்கிறவர்கள் வலப்பக்கமும் போனவர்கள் இடப்பக்கமும் வழக்கம்போல உள்ளே இறங்கினார்கள். உள்ளே போனபின் எல்லோரும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மாஸ்டர் அங்கியின் இரண்டு பக்கமும் வாய் வைத்து, உள்ளே வயிற்றுக்குக் குறுக்காக ஒரே ஒரு பெரிய பையைத் தைத்திருந்தார்.

சாமியார் படியில் நின்றார். வலது கையை விட்டு ஒரு கொத்துச் சீட்டை எடுத்தார். ரயில் கிளம்பியது. இவர்கள் எல்லாரும் பூரண சுகம் பெற்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பும்படி மன்றாடுவோம் என்று முடித்தார். அந்தக் கொத்தில், செத்துப் பல வருஷமான கசாப்புக்கடைக்காரரின் பெயரும் இருந்தது. அந்த ஆள் உயிரோடிருந்த காலத்திலேயே வீடு திரும்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள் அவர் விதவை. “ஐயோ, வேணாம் சாமி,” என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். சாமியாருக்குக் காதில் விழவில்லை. இடது கையை விட்டார். போனவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டிப் பெயர்களை வாசித்தார். அதில் மாஸ்டரின் ஞானஸ்நானப் பெயர், அவர் அப்பா பெயரோடு சேர்ந்து, கம்பீரமாக ஒலித்தது.

மாஸ்டரின் மனைவிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. மாத்திரை கொடுத்துவிட்டு வந்தவள் அவள். தான் வந்தபிறகு அவர் போய்விட்டார், வீட்டிலிருந்து யாரோ சாமியாருக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள், தனக்குத்தான் கடைசியில் தெரிகிறது என்று முடிவுக்கு வந்து, “என்னங்க, சொல்லாம போய்ட்டீங்களே,” என்று பெருங்குரலெடுத்தாள். பக்கத்துப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விட்டார். உள்ளே வலது கை இடது கையைத் தொட்டது.

ஒலிபெருக்கி மாஸ்டர் வீட்டுப் பக்கம் பார்த்துத்தான் கட்டியிருந்தது. தன் பெயரை, அப்பா பெயர் சகிதம், இறந்தோர் வரிசையில் கேட்ட மனிதர் போர்வையோடு எழுந்தார். காலில் பலமில்லாதவர் தெருவைக் கடந்து, ஒற்றைச் செருப்போடு கோயிலுக்குள் நடந்து வந்து நடுவில் நின்றார்.

“யாரு சாமி போய்ட்டது?” என்றார்.

அவர் மனைவி மயங்கி விழுந்தாள். மற்றவர்கள் முழங்காலிட்டார்கள். யாரோ ஒருவர் அதிசயத்தைக் கண்டவராய் “புதுமை” என்றார். அவ்வளவுதான், கோயில் முழுக்கப் புதுமை, புதுமை என்று ஒரே முணுமுணுப்பு. படுத்த படுக்கையாகக் கிடந்தவரைப் பைச் சாமி ஒரே ஜெபத்தில் எழுப்பிவிட்டார் என்று அன்று மத்தியானத்துக்குள் பக்கத்துப் பங்குவரை செய்தி போய்விட்டது.

அடுத்த நாளிலிருந்து சாமியார் வெளியே தலைகாட்ட முடியவில்லை. எல்லோருக்கும் இடது பைதான் வேண்டியிருந்தது. “எங்கம்மாவுக்கு முட்டிவலி சாமி, போனவங்களோட சேத்து வாசிங்க,” என்பார்கள். ஒரு மருமகள் மாமியார் பெயரைக் கொண்டுவந்து இடது பையில்தான் போட வேண்டும் என்று நின்றாள். “சுகமாகணும்னா?” என்று கேட்டார். “எப்படியானாலும் சரி சாமி,” என்றாள். அது தவறுதலாக நடந்தது என்று சாமியார் தொண்டைகிழியச் சொல்லிப் பார்த்தார். என்ன தாழ்ச்சி, என்ன பணிவு பாருங்கள் என்று ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பெருமையிலிருந்து தப்பிக்கும் அவசரத்தில்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். அடுத்த ஞாயிறு ஒலிபெருக்கியில், “போன வாரம் நடந்தது புதுமை இல்லை. தையல் பிழை,” என்று அறிவித்துவிட்டார். எதிர்க் கடையில் தையல்காரர் இருக்கிறார் என்பதை அவர் நினைக்கவில்லை. ஏற்கெனவே இறந்தோர் வரிசையில் வாசித்த ஆள் என்று பயந்து பாதிப்பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் பேர் இந்த அறிவிப்பைக் கேட்டு வந்து வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் சாமியார் கடைக்குப் போனார். மாஸ்டர் மிஷினை நிறுத்தவில்லை.

“பைன்னா ரெண்டு பைதானே மாஸ்டர்? உலகத்துல அங்கிக்கு எங்கயாவது ஒரு பை உண்டா?”

“பை பெருசா இருக்கட்டும்னு சொன்னீங்க. பைகள்னு சொல்லல. நான் பெருசா வெச்சேன்.”

“அதுக்காக வயித்துக்குக் குறுக்கயா?”

மாஸ்டர் மிஷினை நிறுத்தினார். “பை தப்பாவே இருக்கட்டும் சாமி. என் பேர வாசிச்சீங்களே. முழுசா, அப்பா பேரோட வாசிச்சீங்களே. அப்பகூட அது நான்னு உங்களுக்குத் தோணலையா?”

சாமியாருக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. இத்தனை வருஷமாக அந்த பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். மாஸ்டருக்கு மாஸ்டர் என்பதைத் தவிர ஒரு பெயர் இருக்கும் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. அதை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர், “நான் ஒரு நாளைக்கு எத்தனை பேரு வாசிக்கிறேன்,” என்றார். அது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. மாஸ்டர் மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து மாஸ்டர் கோயிலுக்கு வரவில்லை. கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரைச் சாமியார் தூதனுப்பினார். உபதேசியார் நல்லவர், ஆனால் சமாதானம் பேசப் போனால் சண்டையைப் பெரிதாக்கிக்கொண்டு திரும்புகிற ராசி.

“என்ன சொன்னாரு?”

“செத்தவங்க பூசைக்கு வரமாட்டாங்களாம் சாமி.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அதுவும் சரிதான்னு வந்துட்டேன்.”

அங்கியையாவது சரிசெய்து தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். பேச்சைத் தொடங்க அது ஒரு சாக்கு. அங்கி மறுநாளே திரும்பி வந்தது. இரண்டு பக்க வாயும் அழகான தையலில் மூடியிருந்தது. “பையே வேணாமாம். எல்லாத்தையும் தலையில வெச்சுக்கச் சொன்னாரு,” என்றார் உபதேசியார்.

சாமியார் எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்க வேண்டும் என்று உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். பெண்கள் அழுதார்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டவும் சொல்லியிருந்தார், எதிர்க் கடைக்குக் கேட்கட்டும் என்று. ஊருக்குத்தான் உபதேசம். தெருவைக் கடக்க அவர் காலே எழவில்லை. சாயங்காலம் ஆனால் மாடி ஜன்னலிலிருந்து அந்தக் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உப்பில்லாத சூப்பு ஆறிப்போகும். அவருக்கு அழுகை வந்தது என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் வந்தது.

கெட்ட காலம் தனியாக வருவதில்லை. கோயில் பியானோவை நகர்த்துகிறேன் பேர்வழி என்று தூக்கி, குடலிறக்கம் வந்து, அறுவை சிகிச்சையில் போய் முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் தம் அறையில் படுத்தார். தையல் ஆறிவிட்டது, எழுந்து நடங்கள் என்று டாக்டர் சொன்னார். சாமியார் காலில் பலமில்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஜனங்கள் பழக்கூடையோடு வந்தார்கள், நின்றார்கள், ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போனார்கள். உட்கார்ந்து வாயாடுவதற்கு ஒருவரும் இல்லை. ஓய்வுபெற்ற குருக்களின் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது, தென்றல் நன்றாக வரும் என்று ஆயர் இல்லத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். சாமியார் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் இனி யாருக்காக எழுந்திருப்பது என்றுதான் அவருக்கு இருந்தது.

அந்த ஞாயிறு பூசை வைக்கப் பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு சாமியார் வந்தார். வேண்டுதல் வாசிக்கும் பொறுப்பை உபதேசியார் ஏற்றுக்கொண்டார். அறை ஜன்னல் திறந்திருந்தது, ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்டது. இருக்கிறவர்கள் பட்டியலில் பங்குத்தந்தைக்காக ஜெபித்தார்கள். சாமியார் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு போனவர்கள் வந்தார்கள். உபதேசியார் ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒரு சீட்டில் கொஞ்சம் தடுமாறி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“உருண்டை என்பவருடைய ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடையும்படியாகவும்.”

கோயிலில் சலசலப்பு. யார் அந்த உருண்டை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பழைய பால்காரராக இருக்கும் என்றார் ஒருவர். நல்ல மனிதர், எப்போது போனார் என்று இன்னொருவர் வருத்தப்பட்டார்.

அறையில் சாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தார். முதலில் வந்தது கோபம்தான். முழு உயிரோடு கிடக்கிற மனிதனை இப்படியா? அந்தக் கோபத்திலேயே காலைத் தரையில் ஊன்றினார், கால் நின்றது. போர்வையைச் சுற்றிக்கொண்டு படியிறங்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. காப்பி குடிக்கையில் ஒரே ஒரு தடவை சொன்ன பெயர். அதை அந்த மனிதர் மறக்கவில்லை. இத்தனை கோபத்திலும் மறக்கவில்லை. முற்றத்தைக் கடக்கையில் சாமியாருக்குக் கண் மறைத்தது.

கோயிலின் பக்கவாசலில் போர்வையும் ஒற்றைச் செருப்புமாக வந்து நின்ற பங்குத்தந்தையைக் கண்டு பூசை அப்படியே நின்றது. கடைசி வரிசையில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. அவர் எழுந்து நிற்கவில்லை.

“இருக்கீங்களா சாமி, போய்ட்டீங்களா?” என்றார்.

“இருக்கேன்,” என்றார் சாமியார்.

பிறகு மாஸ்டரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர், ஒன்றும் விடாமல், ரயில் வேகத்தில் அல்ல, ஒவ்வொன்றாக, கோயிலுக்கே கேட்கும்படி சொன்னார். “என்னை மன்னிச்சிருங்க. கொஞ்சம் நகருங்க,” என்றார்.

மாஸ்டர் நகர்ந்தார். குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து பூசை காணாத மனிதர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பீடத்தில் பக்கத்துப் பங்குச் சாமியார் தொடர்ந்தார். அவருடைய பிரசங்கம் நீண்டது. கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் சாமியாரின் காதோரம் குனிந்தார்.

“இழுவை. ஒரு சாண் வெட்டலாம்.”

“ரெண்டு சாண்,” என்றார் சாமியார்.

“அங்கியச் சாயங்காலம் கொண்டாங்க. வாயப் பிரிச்சுத் தரேன். உள்ள என்ன வைக்கட்டும்?”

சாமியார் பீடத்தைப் பார்த்தபடியே, ஒவ்வோர் எழுத்தையும் அழுத்திச் சொன்னார்.

“பைகள்.”